மலைநாட்டில் நூல் திரட்டுதல்

பொழுதுபோக்கு என்னும் சொல் நம்மிடையே சற்று இளக்காரமான பொருளிலேயே வழங்கி வருகின்றது. கடமைகள் முடிந்தபின் எஞ்சும் நேரத்தை எவ்வாறேனும் கழித்துவிடுவதே பொழுதுபோக்கு எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும், ஓய்வு நேரத்தில் ஒருவர் விருப்பத்தோடு செய்யும் செயல் அவர் காலத்துக்குப் பின்னரும் ஊருக்குப் பயன்படுவதுண்டு. தபால் முத்திரை திரட்டுவோரையும், நாணயம் திரட்டுவோரையும், தீப்பெட்டிப் படம் திரட்டுவோரையும் நாம் அறிவோம். இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் நூல் திரட்டுவோர். அவர்தம் பொழுதுபோக்கின் இயல்பு யாது என்பதையும், மலைநாட்டிலே கினிகத்தேனை போன்ற ஓர் ஊரில் வாழும் ஒருவர் அதனை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதையும் பற்றி இன்று சில கருத்துக்களை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். நூலை வாசிப்பவர் வேறு. நூலைத் திரட்டுபவர் வேறு. இருவரும் ஒருவராகவே இருத்தல் சாலச் சிறந்தது என்றாலும், இருவர் நோக்கும் ஒன்றல்ல. வாசிப்பவருக்கு நூலின் உட்பொருளே வேண்டும். எந்த அச்சிலே வந்தது, எந்த ஆண்டிலே வந்தது என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. திரட்டுபவருக்கோ, கையிலுள்ள அந்தப் பிரதியே ஒரு சான்று. திருக்குறள் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் 1812ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாக அச்சேறிய திருக்குறட் பிரதி ஒன்று, தமிழ் ஏட்டிலிருந்து தாளுக்கு இறங்கிய வரலாற்றையே நமக்குச் சொல்கின்றது. குறள் ஒன்றுதான், பிரதிகள் சொல்லும் செய்திகள் வேறு வேறு.

இந்த நோக்கு வந்துவிட்டால், நூலைச் சூழ்ந்த சிறு பொருள்களும் மதிப்புப் பெறுகின்றன. பக்கத்தில் அடையாளமாக வைக்கும் குறிச்சீட்டு, புத்தகசாலைகள் ஆண்டு தோறும் வெளியிட்ட விலைப்பட்டியல், அவை வாடிக்கையாளருக்கு வழங்கிய நாட்காட்டி, நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ், நூலை விரித்து வைத்து ஓதும் சிக்குப் பலகை, பழைய எழுத்தாணி ஆகியன யாவும் இவ்வகையின. மேனாட்டில் இந்நூல் இன்னாருடையது என்று பொறித்து அட்டையின் உட்புறத்தில் ஒட்டும் அழகிய சீட்டுக்கள், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் தோன்றிவிட்டன. அச்சீட்டுக்களை மட்டும் திரட்டும் சங்கங்கள் பல நாடுகளில் உள்ளன. நம்மவரிடம் அத்தகைய சீட்டு அருகியே காணப்படும். அதற்கு ஈடாக, முதற்பக்கத்தில் மையால் எழுதிய பெயரும், வாசிகசாலையின் இறப்பர் முத்திரையும், பரிசளித்த பள்ளிக்கூடத்தின் வாசகமும் நம்மிடம் உண்டு. ஒரு நூல் எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்பதை அறிய இவையே துணையாகும்.

தனி மனிதரின் ஆர்வம் எவ்வளவு பெரிய பயனைத் தரக்கூடும் என்பதற்குத் தமிழுலகில் நல்ல எடுத்துக்காட்டுக்கள் உள. மறைமலையடிகள் தம் வாழ்நாளில் அரிதின் முயன்று சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 4,000. அடிகள் 1950இல் மறைந்தபின், அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் தோன்றிற்று. செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். 1950 அளவில் பழைய நூல்களைத் திரட்டத் தொடங்கிய அவர், 1992இல் மறையும் வரை அப்பணியை விடவில்லை. அவர் திரட்டியவை நூலும் பிறவுமாக ஓரிலட்சம் அளவின. அறிஞர் போற்றும் நூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. நாடக அறிவிப்புகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் முதலாகப் பிறர் எறிந்துவிடும் தாள்களையும் பேணி வைத்தார். அவர் மறைந்தபின் சிக்காக்கோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதைத் தமிழகத்திலேயே இருத்தியது. 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதன் பயனாகும். இன்று தமிழ் அச்சின் வரலாற்றை எழுத விரும்பும் எவரும் அந்நூலகத்தின் வாயிலை மிதியாதிருக்க முடியாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பெருஞ் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்னும் அன்பர், 1933ஆம் ஆண்டளவில் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்துப் பிறருக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சி ஊரவரின் ஆதரவோடு வளர்ந்து, 1934இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் வாசிகசாலையாயிற்று. பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக உயர்ந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் சூன் முதல் நாளிலும் அந்நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது, அங்கிருந்த 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. தொடக்கத்திலிருந்து நாம் கற்பது, ஒருவர் வீட்டு அலுமாரியிலிருந்தே ஒரு நாட்டின் நூலகம் பிறக்கக்கூடும் என்பது. முடிவிலிருந்து கற்பது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் மட்டும் வைத்துவிட்டு அமைதியாயிருத்தல் ஆகாது என்பது. ஊர்தோறும், வீடுதோறும் சிறு திரட்டுக்கள் பல இருப்பதே ஒரு சமுதாயத்தின் எழுத்துக்குக் காப்பாகும்.

நிற்க. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துள்கலை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை, அட்டனை அடையுமுன் கினிகத்தேனையைக் கடக்கின்றது. நாவலப்பிட்டிக்குச் செல்லும் சாலையும் இங்கேயே பிரிகின்றது. மலைத்தோட்டங்களுக்கு இஃது ஒரு வாயில் எனலாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்கு வாழும் ஒருவர், “நான் எதைத் திரட்டுவது? பழைய பதிப்புக்களை விலைகொடுத்து வாங்க என்னிடம் பொருளேது? பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பிராவில் அவற்றை வைக்க இடமேது?” என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. இதற்கு விடை, மலைநாட்டின் எழுத்து எத்தகையது என்பதிலேயே அடங்கியிருக்கின்றது.

மலைநாட்டு மக்களின் எழுத்துச் செல்வம் பெரும்பாலும் பருத்த நூல்களில் இல்லை. சில பக்கங்களே கொண்ட மெல்லிய பிரசுரங்களில் அது சிதறிக் கிடக்கின்றது. 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூலை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டிலே பாடும் நூல் அது. அதே ஆண்டிலேதான் கோப்பிச் செடியின் இலையைத் தாக்கும் நோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அவ்விடங்களைத் தேயிலை கொண்டது. மறைந்துபோன ஒரு பயிரின் காலத்தைத் தமிழிலே காட்டி நிற்பது அந்தச் சிறு கும்மி நூல்!

பின்னர், தோட்டத் தொழிலாளருக்காகத் தொண்டாற்றிய கோ. நடேசய்யர் பத்திரிகைகளோடு சிறு நூல்களையும் எழுதினார். ‘நீ மயங்குவதேன்?’, ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகம் முதலியன அவற்றுட் சில. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளரின் துயரைப் பாட்டாக இயற்றித் தாமே கூட்டங்களிற் பாடியதோடு, அவற்றை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு பிரசுரமாகவும் வெளியிட்டார். கூட்டத்துக்கு வந்தவர் வாங்கி, பாடி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பிரசுரங்கள் இவை. அத்தகைய தாள்கள் எத்தனை நாளைக்கு நிலைக்கும்? வாங்கியவருள் ஒரு சிலர் பேணி வைத்ததனாலேயே அவற்றுட் சில பின்வந்த ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டின. மலைநாட்டு எழுத்தாளர் சாரல் நாடன், நடேசய்யர் வரலாற்றைத் தேடித் தொகுத்து நூலாக்க முடிந்தது என்றால், பழைய தாள்களைப் போற்றிய அறியப்படாத அன்பர்களுக்கும் அதிற் பங்குண்டு.

இவற்றையன்றித் தோட்டங்களில் வாய்விட்டு வாசிக்கப்பட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களும் உள. அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியவற்றை இரத்தின நாயகர் போன்ற சென்னைப் பதிப்பாளர்கள் பெரிய அச்சில், குறைந்த விலைக்கு வெளியிட்டனர். எழுத்தறிந்த ஒருவர் இராந்தல் வெளிச்சத்தில் இராகத்தோடு வாசிக்க, அறியாதார் பலர் சூழ இருந்து கேட்பதற்கு ஏற்ற நூல்கள் இவை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றை ஆடுவோர் கைப்பட எழுதி வைத்துக்கொண்ட கொப்பிகளும் உண்டு. நாட்டார் பாடல்களைத் தொகுத்து 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளியிட்ட சி. வி. வேலுப்பிள்ளை, வாய்மொழியாக வழங்கியவற்றைத் தாளுக்குக் கொணர்ந்தவர். ஆட்டக்காரரின் கொப்பிகளோ ஏற்கெனவே தாளில் இருப்பவை. அவற்றைக் காப்பாற்றினாற் போதும்.

அச்சேறிய புனைகதைகளை நாடுவோர்க்கும் இங்கே களமுண்டு. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் ‘வீரகேசரி’யின் துணையோடு நடத்திய போட்டிகளில் வெற்றி பெற்ற சிறுகதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுக்கப்பெற்றன. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, நந்தியின் ‘மலைக்கொழுந்து’ ஆகிய நாவல்கள் 1964இல் வெளியாயின. துரைவி பதிப்பகம் 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் பெருந்தொகுதிகளை வெளியிட்டது. இவற்றின் முதற் பதிப்புக்கள் தங்கத்தின் விலை பெறுவன அல்ல. ஆனால் தேடினாலன்றிக் கிடைப்பனவும் அல்ல. கொழும்பு மருதானையை அடுத்த பழைய புத்தகக் கடைகளிலும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இல்லங்களிலும் தேடுதல் நலம். கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், தொழிற்சங்கத்தின் மேதினத் துண்டுப் பிரசுரம், இறந்தோர் நினைவாக வெளியிடும் சிறு நூல் ஆகியவற்றுக்கு விலையே இல்லை. கேட்டாற் கொடுப்பர்; கேளாவிட்டால் அடுப்பெரிக்கச் செல்லும்.

தாளின் அருமையை மலைநாட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள், 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததைச் சான்றுகளால் நிலைநாட்ட வேண்டியிருந்தது. மணமானோர்க்கு ஏழாண்டு, மணமாகாதோர்க்குப் பத்தாண்டு என்பது விதி. எட்டிலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தது. நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. அந்த நெடிய காலத்தில், பிறப்புச் சான்றும் பதிவுத் துண்டும் டிரங்குப்பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள்ளே காக்கப்பட்டன. ஒரு குடும்பம் இங்கு வாழ்ந்தது என்பதற்குப் பதிவுத் துண்டு சான்று. ஒரு சமுதாயம் இங்கு வாழ்ந்தது, பாடியது, சிந்தித்தது என்பதற்கோ பாட்டுப் புத்தகமும் விழா மலரும் துண்டுப் பிரசுரமுமே சான்று. முன்னதைக் காத்த அதே பெட்டியில் பின்னதற்கும் ஓரிடம் கொடுத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, பேணும் முறையைக் காண்போம். கினிகத்தேனைப் பகுதியில் நூல் திரட்டுவோர்க்கு முதற்பகை மழையே. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கின்றது. இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அஃது ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, நாட்கணக்காக வெயிலைக் காணுதல் அரிது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 பங்கைத் தாண்டி நெடுநாள் நிற்குமாயின், தாளிற் பூஞ்சணம் படரும். ஈரம் மிகுந்த இடத்தில் இராமபாணப் பூச்சி பெருகும். மண்தரையும் மரமும் சேருமிடத்தில் கறையான் ஏறும்.

ஆகவே, நூல்களைச் சுவரோடு ஒட்டியும் தரையோடு ஒட்டியும் வைத்தலாகாது. நான்கு விரற்கிடை இடைவெளி விட்டு, பலகையின் மேல் உயர்த்தி வைக்கவேண்டும். அலுமாரி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. முன்னாளில் தேயிலையை ஏற்றுமதி செய்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஈயத்தாள் அல்லது அலுமினியத்தாள் பொதிந்திருப்பர். ஈரத்தை விரைந்து உறிஞ்சும் தேயிலையைக் கடல் கடந்து உலர்வாகவே கொண்டு சேர்த்தவை அப்பெட்டிகள். அதே தத்துவத்தில், இறுக மூடும் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று சிறு பிரசுரங்களுக்குச் சிறந்த காப்பாகும். வைக்குமுன் நூல் நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரத்தோடு மூடிய பெட்டி பூஞ்சணத்துக்கு வீடாகிவிடும். மருந்துக் குப்பிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொதிகள் சிலவற்றை உள்ளே இடலாம். அடுப்பங்கரைப் பரணில் ஏடுகளை வைத்து உலர்வாகப் பேணும் வழக்கமும் நம் முன்னோரிடம் இருந்தது. ஏட்டுக்கு அது பொருந்தினும் தாளுக்குப் பொருந்தாது. கரியும் புகையும் தாளைக் கறுக்கச் செய்யும்.

பூஞ்சணம் கண்ட நூலை ஈரமாயிருக்கும்போதே துடைத்தல் கூடாது. கறை தாளினுள் இறங்கிவிடும். நிழலிற் காற்றோட்டமாக விரித்து உலர்த்தியபின், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் துடைக்கவேண்டும். நேர் வெயிலிற் பரப்புதல் தாளை மஞ்சளாக்கி முறியச் செய்யும். சிறு பிரசுரங்களைத் தைத்த இரும்புக் கம்பிகள் மலைநாட்டு ஈரத்தில் விரைவிலே துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை மெல்ல நீக்கி, பருத்தி நூலாற் கட்டிவிடுதல் நன்று. கிழிந்த இடத்தில் ஒட்டும் பிளாஸ்திக் நாடாவை ஒருபோதும் இடலாகாது. சில ஆண்டுகளில் அது கழன்று, பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். மெல்லிய தாளும் நீர்த்த மாப்பசையும் போதும். வசம்பும் வேப்பிலையும் நம் முன்னோர் கையாண்ட பூச்சித் தடைகள். இவற்றைத் தாளோடு படாமல் துணியில் முடிந்து வைப்பது சிறந்தது.

பேணுதலினும் இன்றியமையாத வேறொன்றுண்டு, அதுவே பதிவு. பதிவில்லாத திரட்டு ஒரு குவியலேயன்றித் திரட்டாகாது. நூறு பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண்ணிட்டு, நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றை எழுதவேண்டும். இவற்றோடு, எவரிடமிருந்து, எந்நாளில், எத்தோட்டத்தில் கிடைத்தது என்பதையும் குறிக்கவேண்டும். ஆண்டு அச்சிடப்படாத பிரசுரமாயின், அதனைக் கொடுத்த முதியவரிடமே அதன் காலத்தைக் கேட்டு எழுதிவிடுதல் வேண்டும். அம்முதியவர் மறைந்தபின் எந்த நூலகமும் அவ்விடையைத் தரமாட்டாது. எண்ணையும் குறிப்பையும் நூலின் மேல் மையால் எழுதாமல், ஒரு சீட்டிற் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தாற் போதுமானது.

இக்காலத்தில் இப்பணிக்குத் துணை செய்வோரும் உளர். நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் ‘நூல்தேட்டம்’ என்னும் வரிசையில், தொகுதி ஒன்றுக்கு 1,000 நூல்களாக ஈழத்தவர் நூல்களுக்குப் பட்டியல் தொகுத்து வருகின்றார். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைப் படமாக்கி எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. நம் கையிலுள்ள பிரசுரம் அங்கே உண்டா என்று பார்த்து, இல்லையெனின் கைத்தொலைபேசியாலேனும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பலாம். ஒன்று ஈரத்தால் அழியினும் மற்றொன்று நிலைக்கும். யாழ்ப்பாணத்துத் தீ கற்பித்த பாடமும் அதுவேயன்றோ?

இறுதியாக, திரட்டுவோர் விழிப்பாயிருக்க வேண்டிய சில செய்திகள். பொது வாசிகசாலையின் முத்திரை கொண்ட நூல், உரிய முறையில் நீக்கப்பட்டதென்று உறுதியானாலன்றி, நம் திரட்டில் இடம்பெறலாகாது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் தம் கணவரின் பாட்டுக் கொப்பியைக் கொடுப்பாராயின், அதனை நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே கொடுத்துவிடுதல் பண்பு. திரட்டியதைப் பூட்டி வைத்துப் பெருமை கொள்வது உலோபியின் செயல். ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ காட்சிக்கு வைத்தால், இவ்வூரிலும் எழுதினார்கள், அச்சிட்டார்கள் என்பதை இளையோர் கண்ணாற் காண்பர். தமக்குப் பின் அத்திரட்டு எவரிடம் சேரவேண்டும் என்பதையும் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்தல் வேண்டும். பல அரிய திரட்டுக்கள் திரட்டியவரின் மறைவை அடுத்து எடைக்குப் போயிருக்கின்றன.

நேயர்களே, இப்பொழுதுபோக்குக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு தகரப்பெட்டி, ஒரு கொப்பி, ஒரு பென்சில் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். இம்மாதம் உங்கள் தோட்டத்திலோ ஊரிலோ நடைபெறும் திருவிழாவின் அறிவிப்புத் தாளையே முதற்பொருளாகக் கொண்டு, அதன் பின்புறத்தில் நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அடுத்ததாக, வீட்டிலுள்ள முதியவரிடம் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். உங்கள் திரட்டின் இரண்டாம் பொருள் அதனுள்ளே இருக்கக்கூடும்.